பிறநாட்டு உதவியும் நம் சரக்கு வண்டியும்

ஆவடி என்றவுடன், 1955ஆம் ஆண்டு ஜனவரியில் அங்குக் கூடிய காங்கிரஸ் மகாசபையும், சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று அது நிறைவேற்றிய தீர்மானமும் பலருக்கு நினைவில் எழும். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஆவடிக்குக் கிழக்கே, பெரம்பூரில், ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்ததை நினைப்பவர் சிலரே. ஸ்விட்சர்லாந்து நாட்டு ஷ்லீரன் கம்பெனியின் நிபுணர்கள் அங்கு வந்து நம் தொழிலாளருக்கு வேலை பழக்கினர். வித்தை இங்கே தங்கிவிட்டது. இன்று அத்தொழிற்சாலை அயல்நாட்டார் துணையின்றிப் புதுப்புது வகைப் பெட்டிகளை வடிவமைத்துக் கட்டுகிறது.

பெரம்பூரில் கட்டுபவை பிரயாணிப் பெட்டிகள். நம் சங்கங்களுக்கு நெருங்கிய விஷயம் சரக்கு வண்டி. அதிலும் வெளிநாட்டு உதவியின் வரலாறு நீண்டது. சுதந்திர இந்தியா உலக வங்கியிடம் வாங்கிய முதற் கடனே ரயில்வேக்குத்தான். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிடைத்த அந்த 3 கோடியே 40 லட்சம் டாலர், யுத்த காலத்தில் தேய்ந்துபோன எஞ்சின்களுக்குப் பதில் புதியன வாங்க உதவிற்று. 1957இல் பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையுடன் 25,000 வோல்ட் மாறுமின்சார முறையை நம்மவர் ஏற்றனர். ஆறே ஆண்டுகளில், 1963இல், சித்தரஞ்சன் தொழிற்சாலையில் அம்முறையில் ஓடும் சரக்கு எஞ்சின் தயாராகிவிட்டது. கடன் பணம் செலவழிந்துவிடும். கற்ற தொழில் அப்படிச் செலவழிவதில்லை. ஆகவே எந்த உதவியையும் அது எத்தனை கோடி என்று பார்ப்பதைவிட, நம்மவர் கையில் என்ன விட்டுச் சென்றது என்று பார்ப்பதே நேர்மையான கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை உதவிக்குப் பின்னும் ரயில்வேயின் சரக்குப் பங்கு குறைந்துகொண்டே வந்துள்ளது. 1951இல் நாட்டின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயிலில் சென்றது. இன்று மூன்றில் ஒரு பங்கும் இல்லை. காரணத்தை ஆவடிப் பக்கத்தில் எவரும் கண்ணாற் காணலாம். புறநகர் வண்டிகளும் எக்ஸ்பிரஸ் வண்டிகளும் அடுத்தடுத்துச் செல்லும் தடத்தில் கூட்ஸ் வண்டி ஒதுங்கி நிற்கிறது. எந்த நாள், எந்த நேரம் சரக்கு வந்து சேரும் என்று உறுதி சொல்ல எவராலும் இயலாது. லாரியோ கூடுதல் வாடகை கேட்டாலும் வாசலில் வந்து ஏற்றி வாசலில் இறக்குகிறது.

இக்குறையைத் தீர்க்கவே சரக்குக்கென்று தனி இருப்புப்பாதை என்ற யோசனை பிறந்தது. 2006இல் இதற்கெனத் தனிக் கழகம் அமைக்கப்பட்டது. தாத்ரியிலிருந்து பம்பாய்க்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் மேற்குத் தடத்துக்கு ஜப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகமையும், லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் கிழக்குத் தடத்தின் பெரும்பகுதிக்கு உலக வங்கியும் கடன் தந்தன. அச்சு ஒன்றுக்கு 25 டன் தாங்கும் பாதை. மேற்குத் தடத்தில் மின்கம்பியை உயர்த்திக் கட்டி, கண்டெய்னர் மேல் கண்டெய்னராக ஈரடுக்கு வைத்து ஓட்டும் ஏற்பாடு. மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் என்று ஊர்ந்த சரக்கு, அங்கு அதைப்போல் இருமடங்கு வேகத்தில் போகிறது.

உதவி என்பது நிபந்தனையோடு வருவது. ஜப்பானின் கடனுக்கு வட்டி மிகச் சொற்பம், தவணை நாற்பது ஆண்டுகள். ஆயினும் வாங்கும் சாமான்களில் குறைந்தது 30 சதவிகிதம் ஜப்பானிலிருந்து வரவேண்டும் என்பது விதி. கடன் கொடுத்தவர் கடையிலேயே சாயம் வாங்கு என்று ஒரு நெசவாளர் சங்கத்திடம் கூறினால் நாம் எத்தனை கேள்வி கேட்போம்! ஆனால் நிபந்தனைகள் யாவும் கெட்டவையல்ல. உலக வங்கியின் விதிப்படி, பாதைக்காக நிலம் போனால் பட்டாதாரருக்கு மட்டுமன்றி, பட்டா இல்லாமலே அந்நிலத்தில் பிழைத்தவருக்கும் மறுவாழ்வு உதவி தரவேண்டும். குத்தகைக்குப் பயிரிடும் நம் அங்கத்தினருக்கு இது சிறிய விஷயமன்று.

ஏனெனில் நில விவகாரம் நம் பக்கமும் வந்துள்ளது. மேற்சொன்ன தனித்தடங்கள் இரண்டும் வடக்கிலும் மேற்கிலும் உள்ளவை. தென்னாட்டுக்கு அவ்விதப் பாதை இன்னும் வரவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது சாலை. எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே முடியும் ஏறத்தாழ 133 கிலோமீட்டர் சென்னை எல்லைச் சாலைக்கு, ஜப்பானிய முகமை 2018இல் முதற்கட்டக் கடன் அளித்தது. பட்டாபிராம் அருகே செல்லும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கும் மேற்கே அது அமைகிறது. துறைமுக லாரிகள் நகருக்குள் நுழையாமல் விலகிச் செல்லும் என்பது நன்மையே. ஆனால் திருவள்ளூர் வட்டத்தில் அது வயல்களின் ஊடே செல்வது. இதில் விவசாய அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை: காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே பட்டா கிடக்குமானால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், கிணறும் மரங்களும் அடங்கலில் ஏறியிருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். அளவுக் கல் நட்டபின் ஓடுவதிற் பயனில்லை.

இனி, இவ்வளவு பெரிய பாதையும் சாலையும் அம்மையார்குப்பத்து நெசவாளிக்கு என்ன செய்யும்? ரயில்வே முற்காலத்தில் ஒரு மூட்டையையும் ஏற்றுக்கொண்டது. இன்று சரக்கு வண்டியை முழு ரேக்காக, அதாவது நாற்பது முதல் ஐம்பத்தெட்டு மூடு வாகன்கள் கொண்ட தொடராகவே, பெரும்பாலும் கொடுக்கிறது. சிமெண்டுக்கும் அரிசிக்கும் அது பொருந்தும். நூல் சிப்பத்துக்கும் கத்திரிக்காய்க்கும் பொருந்தாது. 2020 ஆகஸ்டில் தொடங்கிய கிசான் ரயிலில் சில கூடைகளையும் ஏற்றலாம் என்றிருந்ததும், கட்டணத்தில் பாதியை அரசு ஏற்றதும், சிறியவரை நினைத்துச் செய்த அரிய காரியங்கள்.

நடுவழி ஒன்று உண்டு, அது கண்டெய்னர். 1988இல் அமைந்த இந்தியக் கண்டெய்னர் கழகத்துக்கும் உலக வங்கி கடன் கொடுத்திருக்கிறது. தண்டையார்பேட்டையில் அதன் நிலையம் உள்ளது. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் சாலையும் ரயிலும் கூடும் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே 26இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு கண்டெய்னரைத் தனிச் சங்கம் நிரப்பாது. நான்கைந்து சங்கங்கள் கூடினால் நிரப்பும்.

தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் ஆலை வாயில் விலைக்கே நூல் வழங்குகிறது. போக்குவரத்துச் செலவையும் மத்திய அரசு ஈடு செய்கிறது. அப்படியிருந்தும் நான் பார்வையிடும் சங்கங்கள் சிலவற்றில், பாதி காலியாக வந்த லாரிக்கு முழு வாடகை எழுதியிருப்பதைக் காண்கிறேன். பக்கத்து ஊர்ச் சங்கமும் அதே வாரத்தில் அதே ஆலையிலிருந்து தனி லாரியில் நூல் இறக்கியிருக்கும். இரு செயலாளர்களும் ஒரே பஸ்ஸில் மாவட்ட அலுவலகக் கூட்டத்துக்கு வருகிறவர்கள்! அடுத்த நூல் தேவைப் பட்டியலை அனுப்புமுன் அந்தப் பஸ்ஸிலேயே தேதியைப் பேசி முடித்துக்கொள்ளலாம்; இதற்கு ஜப்பானியரின் கையொப்பம் வேண்டியதில்லை.