சக்கரம் வாங்குவோர் ஆண்டைப் பார்த்து வாங்குக!

திருவனந்தபுரத்தில் பழைய வெள்ளி நாணயம் சேர்ப்போர் பலர். நாஞ்சில் நாடும் அன்று திருவிதாங்கூரில் இருந்ததால், நாகர்கோவில் பக்கத்துப் பெட்டிகளிலும் இக்காசுகள் கிடைக்கின்றன.

ஏமாற்றம் நேர்வது ஆண்டில்தான். நாணயத்தில் 1116 என்று இருந்தால் தொள்ளாயிரம் வருடப் பழமை என்று விலை சொல்லிவிடுவார்கள். அது கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் 1941; சித்திரைத் திருநாள் மகாராஜா காலம். நம் தாத்தாக்கள் மடியில் முடிந்து நடந்த காசு!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1804 என்று பொறித்த வெள்ளி டாலர்கள் 1834இலும் அதற்குப் பின்னரும் அடிக்கப்பட்டவை. சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்கத்தான் முதலில் அடித்தார்கள்.

கையால் அடித்த வெள்ளிச் சக்கரத்திலோ ஆண்டே கிடையாது. மிளகை நசுக்கியது போலிருக்கும். குழி வெட்டிய மரப்பலகையில் கொட்டிக் குலுக்குவார்கள். குழிக்கு ஒன்று விழுந்தால் எண்ணிக்கை முடிந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தால் எத்தனை கணக்குப்பிள்ளைகள் தலையைச் சொறிந்தார்களோ!

வாங்கியதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், மதிப்புப் போய்விடும். நூறு வருடம் கடந்த நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. வளைகுடாவிலுள்ள பிள்ளைக்குப் பார்சல் கட்டுவோர் கவனிக்க.

அசல் சக்கரத்தைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனை நாணயக் காட்சிசாலைக்குச் செல்லலாம். நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர்.