கொடுக்கல் இல்லாத வாங்கல்: ஒரு செயலி வங்கியின் எழுச்சியும் முடக்கமும்

தமிழில் பண விவகாரத்தைக் 'கொடுக்கல் வாங்கல்' என்கிறோம். 'வாங்கல் கொடுக்கல்' என்று யாரும் சொல்வதில்லை. 'நாணயம்' என்றால் காசு, சொன்ன சொல் தவறாத குணமும் அதுவே. நான் படித்தது தமிழ் இலக்கியம், பொருளாதாரம் இல்லை. ஆனாலும் இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் கதையை வாசித்துவிட முடியும் என்று தோன்றுகிறது. கைப்பேசிச் செயலியையே கிளையாக நம்பிக் கிளம்பிய வங்கி அது. ஏழாண்டு முடிவதற்குள் முடக்கப்பட்டது. ஒரு முதலாளி எழுந்து விழுந்த கதையாக இதைச் சொல்லி முடிப்பது செய்தித்தாள்களுக்கு வசதி. நமக்கு அது போதாது.

'எல்லோரையும் வங்கிக்குள் கொண்டுவருவது' என்கிற சொல்லாடலில்தான் இது தொடங்குகிறது. 2013இல் ரிசர்வ் வங்கி அமைத்த நச்சிகேத் மோர் குழு, கணக்கே இல்லாத ஏழைகளையும் சிறு வியாபாரிகளையும் முன்னிறுத்தி 'பேமெண்ட்ஸ் வங்கி' என்கிற புதுவகையைப் பரிந்துரைத்தது. 2015 ஆகஸ்டில் 11 விண்ணப்பங்களுக்குக் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது. அனுமதி பெற்றவர்களில் அஞ்சல் துறை இருந்தது, ரிலையன்ஸ் இருந்தது, சென்னையின் சோழமண்டலம் இருந்தது, பேடிஎம்மின் விஜய் சேகர் சர்மாவும் இருந்தார். சோழமண்டலம் உள்ளிட்ட மூவர் 2016இலேயே விலகிக்கொண்டனர். அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. ஜனங்கள் வரிசையில் நின்று வதங்கிய அந்த வாரங்களே பேடிஎம்முக்கு விளைச்சல் காலம். 2017 மே மாதம் வங்கி தொடங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேமெண்ட்ஸ் வங்கி டெபாசிட் வாங்கலாம், கடன் கொடுக்கக் கூடாது. ஒருவர் கணக்கில் 1 லட்சத்துக்கு மேல் வைக்கக் கூடாது (2021இல் இது 2 லட்சமானது). திரட்டிய பணத்தில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் அரசுக் கடன் பத்திரங்களில் போட வேண்டும், மிச்சத்தை வேறு வணிக வங்கிகளில் வைக்கலாம். டெபாசிட்தாரரின் பணம் பத்திரமாக இருக்கத்தான் இந்த விதி, சரி. ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். ஏழையின் காசு அரசுக்கும் பெரிய வங்கிகளுக்கும் போகிறது, ஏழைக்குக் கடனாகத் திரும்பி வர வழியில்லை. உள்ளே வா என்று அழைத்தார்கள், வந்தவருக்கு உள்ளே கிடைத்தது பாதிச் சொல்தான்: வாங்கல்.

கடன் கொடுக்காத வங்கிக்கு லாபம் எங்கிருந்து வரும்? சில்லறைக் கட்டணத்திலும் மெலிந்த வட்டி வித்தியாசத்திலும். ஆதித்ய பிர்லா ஐடியா பேமெண்ட்ஸ் வங்கி 2018 பிப்ரவரியில் தொடங்கி, இந்தப் பொருளாதாரம் கட்டுபடியாகவில்லை என்று 2019 ஜூலையில் மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆக, இந்த வகை வங்கியில் கணக்கு என்பது வேறொன்றுக்கான வாசல். பேடிஎம் செயலியை நடத்திய ஒன்97 நிறுவனம், அதே செயலி வழியாக மற்ற நிதி நிறுவனங்களின் கடன்களை விற்றுத் தரகு பெற்றது. விற்பதற்குத் தேவை, யார் எவ்வளவு வாங்குகிறார், செலவழிக்கிறார் என்கிற தடயம்.

நம்ம பெரிய மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கடையில் ஸ்கேன் அட்டை உண்டு, 'பணம் வந்துவிட்டது' என்று அறிவிக்கும் ஒலிப்பெட்டியும் உண்டு. முதலுக்கு மட்டும் தண்டல்காரரிடம்தான் போகிறார். "பொட்டி வாங்குனத மட்டுந்தான் தம்பி சொல்லுது. கடன் கேட்டா அது பேசுமா?" என்றார். கோட்பாட்டு நூல்களில் நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான்.

முடக்கம் படிப்படியாக வந்தது. 2022 மார்ச்சில் புது வாடிக்கையாளர் சேர்க்கத் தடை. 2023 அக்டோபரில், வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு விதிகள் உள்ளிட்டவற்றை மீறியதற்காக 5.39 கோடி ரூபாய் அபராதம். தொடர் விதிமீறலைக் காரணம் காட்டி 2024 ஜனவரி 31 அன்று வந்த உத்தரவு, 2024 மார்ச் 15க்குப் பிறகு எந்த டெபாசிட்டும் வாங்கக் கூடாது என்பதில் முடிந்தது. இருந்த பணத்தை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் சம்பளமும் அரசு மானியமும் அந்தக் கணக்குகளில் ஏறாது என்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. இதற்கிடையே செயலி பிழைத்துக்கொண்டது. மார்ச் 14 அன்று ஸ்டேட் வங்கி உள்ளிட்ட நான்கு வங்கிகளின் தோளில் ஏறிக்கொள்ள அதற்கு அனுமதி கிடைத்தது. தடயங்களின் சொந்தக்காரருக்கு மாற்று வழி கிடைத்தது. மானியக் கணக்கை மாற்றும் அலைச்சல் அவரவர் தலையில் விழுந்தது.

மானியம் என்பது புதுவையில் வெறும் சொல் கிடையாது. 2015 செப்டம்பரில், நாட்டிலேயே முதலாக, சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதில் பணத்தைக் கணக்கில் போடும் திட்டம் வந்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் கணக்கு எண் என்பது அரிசி. ரேஷன் கடையில் எடை குறைந்தால் வாசலில் நின்று கத்தலாம், நாலு பேர் கூடுவார்கள். கணக்கில் பணம் ஏறாவிட்டால் யாரிடம் கத்துவது? கோரிக்கைகள் தொடர்ந்த பிறகு, 2024 அக்டோபரில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. வாசல் இருந்ததால்தான் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்க முடிந்தது.

பழைய வங்கியைப் புனிதப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலனிக்கான நோட்டுகளை வெளியிட்ட இந்தோசீன வங்கிக்கு இங்கே வாசல் இருந்தது, உழைக்கும் சனத்துக்காக அது கட்டப்படவில்லை. பின்னாளில் அந்தக் கட்டடத்தில் இயங்கிய யூகோ வங்கி, 1969இல் நாட்டுடைமையான 14 வங்கிகளில் ஒன்று. அதற்குப் பிறகும் ஜாமீன் கையெழுத்துக்கு அலைந்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஆனால் கடனில் 40 சதவீதம் விவசாயம், சிறுதொழில் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்கு என்கிற விதியைக் காட்டி வணிக வங்கியிடம் கேட்க முடியும், மறியல் செய்ய முடியும். கடனே கொடுக்காத வங்கியிடம் எந்தச் சதவீதத்தைக் கேட்பது? செயலியை எப்படி முற்றுகையிடுவது?

ஆகவே செயலியா கிளையா என்கிற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. இந்த ஊரின் காசை வாங்குகிற எந்த வங்கியும் இந்த ஊருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பவையே என் கேள்விகள். சங்கங்களில் வேலை செய்யும் தோழர்கள் இதைப் பற்றி எழுத வேண்டும். தண்டல் கணக்கையும் ஒலிப்பெட்டிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் நல்லது.