8 நிமிஷம்னு நம்பின காப்பி: பெரிய ஃபைல்களுக்கு எந்த எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

"ப்ரோ, எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?" இந்தக் கேள்வி எனக்கு வராத வாரமே இல்ல. ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்த மாடல் ஆறு மாசத்துல மாறிடும். எப்படிப் பார்த்து வாங்கணும்னு தெரிஞ்சா, எந்த வருஷம் வாங்கினாலும் ஏமாற மாட்டீங்க. அதனால இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

திருநெல்வேலியில ஒரு கல்யாணம். வீடியோ எடுத்தது எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன். எடிட்டிங் என்னுடையது. மொத்தம் 480 ஜிபி, அவர் லேப்டாப்ல இருந்தது. மறுநாள் காலையில அவருக்கு இன்னொரு கல்யாணம். நான் நைட் நெல்லை எக்ஸ்பிரஸ்ல சென்னை திரும்பணும். ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. என் கையில புது எஸ்எஸ்டி. பெட்டியில விநாடிக்கு 1,000 எம்பின்னு போட்டிருந்தான். கணக்குப் போட்டேன்: 480 ஜிபிக்கு 8 நிமிஷம். காப்பி போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.

பத்து நிமிஷம் கழிச்சு வந்து பார்த்தா, "இன்னும் 47 நிமிஷம்"னு காட்டுது. ஆரம்பத்துல 900க்கு மேல ஓடின வேகம் 100க்கு இறங்கியிருந்தது. அரை மணி நேரம் பார்த்தேன். அதுக்கு மேல நின்னா ரயில் போயிடும். "முக்கியமானதெல்லாம் வந்திருக்கும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, காப்பியை நிறுத்திட்டு கேபிளை உருவிட்டேன். அவர்கிட்ட "முடிஞ்சுதுண்ணே"ன்னு வேற சொல்லிட்டேன்.

ரயில்ல உக்காந்து திறந்து பார்த்தா, முகூர்த்தம் ஃபோல்டரே வரல. தாலி கட்டுறது அதுலதான் இருக்கு. அவருக்கு போன் போட்டா எடுக்கல, தூங்கிட்டார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. காலையில அஞ்சரைக்குத்தான் எடுத்தார். "அண்ணே, ஏதும் டெலிட் பண்ணிட்டீங்களா?" "இப்பதாம்ல கார்டு, லேப்டாப் எல்லாத்தையும் காலி பண்ண உக்காந்தேன். ஏன், என்னாச்சு?"

பத்து நிமிஷம் லேட்டா கூப்பிட்டிருந்தா, ஒரு குடும்பத்தோட முகூர்த்தம் போயிருக்கும். ரீடேக் கேக்க முடியாத விஷயம் அது. டிரைவ் மேல கோபம் வந்தது உண்மைதான். ஆனா அந்த டிரைவ் பொய் சொல்லல. அது சொன்னதை முழுசாப் படிக்காதவன் நான்.

மொய் மேசை கணக்கு

வேகம் ஏன் இறங்குச்சு? கல்யாண மண்டபத்துல மொய் எழுதுற மேசையை நினைச்சுக்கோங்க. கூட்டம் திடீர்னு வந்தா, கவரை வாங்கி வாங்கிப் பெட்டியில போட்டுடுவாங்க. நோட்டுல அப்புறம் எழுதிக்கலாம்னு. பெட்டி நிறையற வரைக்கும் வரிசை வேகமா நகரும். நிறைஞ்சதும், ஒருத்தர் பேரை எழுதி முடிச்சாத்தான் அடுத்தவர்.

எஸ்எஸ்டியிலும் இதேதான். டிஎல்சி வகையில ஒரு செல்லுக்கு 3 பிட், கியூஎல்சி வகையில 4 பிட் எழுதணும். அது நிதானமான வேலை. அதனால காலியா இருக்கிற இடத்துல ஒரு பகுதியை எடுத்து, செல்லுக்கு ஒரே ஒரு பிட்னு வேகமா எழுதித் தள்ளும். இதுதான் எஸ்எல்சி கேஷ். அப்புறம் சும்மா இருக்கும்போது அதை ஒழுங்கா அடுக்கி வைக்கும். பெட்டியில போட்டிருக்கிற 1,000 எம்பி, இந்தக் கேஷ் இருக்கிற வரைக்கும்தான்.

ஒரு சினிமா, நாலு ஃபோட்டோ ஃபோல்டர் மாத்தறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரே மூச்சுல 300, 400 ஜிபி தள்ளுறவங்களுக்குத்தான் வலிக்கும். பொதுவா கியூஎல்சி டிரைவ்கள்ல இந்தச் சரிவு ரொம்ப ஆழமா இருக்கும். சில மாடல்கள் சாதாரண ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கும் கீழ போயிடும். டிரைவ் நிறைய நிறைய கேஷும் சுருங்கும். அதனால எப்பவும் 15, 20 சதவீதம் காலியா விடுங்க.

வாங்கும்போது ரிவ்யூவில தேட வேண்டிய வார்த்தை: "சஸ்டெயின்டு ரைட்". அதாவது கேஷ் தீர்ந்த பிறகும் நிக்கிற எழுதும் வேகம். வெறும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் படத்தைப் போட்டுட்டு "சூப்பர்"ங்கிற ரிவ்யூவை நம்பாதீங்க. அந்த டெஸ்ட் வழக்கமா 1 ஜிபி அளவுலதான் ஓடும். அது கேஷுக்குள்ளயே முடிஞ்சுடும்.

போர்ட்டும் கேபிளும்

அடுத்து யூஎஸ்பி பேர்கள். இது பெரிய குழப்பம். யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூணும் ஒண்ணுதான்: 5 ஜிபிபிஎஸ். 3.2 ஜென் 2ன்னா 10. ஜென் 2 பை 2ன்னா 20. யூஎஸ்பி4ல 20, 40ன்னு இருக்கு. தண்டர்போல்ட் 3, 4 ரெண்டும் 40. பேரை மறந்துடுங்க, ஜிபிபிஎஸ் எண்ணை மட்டும் பாருங்க. அதை நூறால பெருக்கினா, விநாடிக்கு எத்தனை எம்பின்னு தோராயமா வந்துடும். 10 ஜிபிபிஎஸ்னா சுமார் 1,000 எம்பி.

இதுல ஒரு பொறி இருக்கு. 20 ஜிபிபிஎஸ் ஜென் 2 பை 2 டிரைவ் வாங்கி மேக்புக்ல சொருகினா, பெரும்பாலான மேக்புக்ல 10லதான் ஓடும். அந்த முறையை அது ஏத்துக்காது. நிறைய விண்டோஸ் லேப்டாப்லயும் இதே கதைதான். முதல்ல உங்க லேப்டாப் போர்ட் என்னன்னு பாருங்க. அதுக்கு மேல காசு கொடுக்கிறது வீண்.

கேபிளும் அப்படித்தான். போன் சார்ஜர் கேபிள் டைப்-சியா இருக்கலாம். ஆனா உள்ள யூஎஸ்பி 2.0 மட்டும்தான் இருக்கும். அதுல 480 எம்பிபிஎஸ். நிஜத்துல விநாடிக்கு 40 எம்பி. எங்க 480 ஜிபிக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும். ஐபோன் 15 ப்ரோ பெட்டியில வர்ற கேபிளும் யூஎஸ்பி 2தான். டிரைவோட வர்ற குட்டி கேபிளைத் தொலைச்சிடாதீங்க.

கார்டுல இருந்து நேரா காப்பி பண்றவங்களுக்கு ஒண்ணு: யூஎச்எஸ்-1 எஸ்டி கார்டோட உச்சமே 104 எம்பி, யூஎச்எஸ்-2னா 312. வரிசையில மெதுவானது எதுவோ, அதுதான் உங்க வேகம்.

யாருக்கு எது?

டாக்குமென்ட், ஃபோட்டோ, படம்னு கொஞ்சம் கொஞ்சமா மாத்தறவங்களுக்கு, 10 ஜிபிபிஎஸ் டிரைவ் எதுவும் போதும். வீடியோ எடுக்கிறவங்க டிஎல்சின்னு உறுதியாத் தெரிஞ்சதை வாங்குங்க. 40 ஜிபிபிஎஸ் எல்லாம், போர்ட்டும் இருந்து, டிரைவ்ல வச்சே எடிட் பண்றவங்களுக்கு.

இன்னொரு விஷயம். 16 டிபி எஸ்எஸ்டி, ஒரு பிரியாணி விருந்து விலைக்கு விக்கிறான்னா ஓடிடுங்க. உள்ள ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். 16 டிபின்னு கணினிகிட்ட பொய் சொல்லும். கொஞ்சம் நிறைஞ்சதும் பழைய ஃபைல் மேலயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி இலவச மென்பொருள் இதைக் காட்டிக் கொடுத்துடும். நிஜ டிரைவ்ல 1 டிபி வாங்கி விண்டோஸ்ல 931ன்னு காட்டினா பயப்படாதீங்க. எண்ற முறை வேற, அவ்வளவுதான்.

ஃபார்மேட்: விண்டோஸ், மேக் ரெண்டுலயும் வேணும்னா எக்ஸ்ஃபேட். ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் போகாது. என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்கும், எழுதாது. ஆனா எக்ஸ்ஃபேட் பாதியில உருவினா தாங்காது. எஜெக்ட் பண்ணிட்டுத்தான் எடுக்கணும்.

புது டிரைவ் வந்ததும், திருப்பிக் கொடுக்கிற நாள் முடியறதுக்குள்ள, உங்க நிஜ வேலை அளவுக்கு ஒரு தடவை காப்பி போட்டுப் பாருங்க. நீங்க 300 ஜிபி மாத்தறவங்கன்னா 300 ஜிபி. வேகம் எங்க விழுதுன்னு நீங்களே பார்த்துடலாம்.

கடைசியா, அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் மாத்திக்கிட்ட பழக்கம். காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒண்ணா இருக்கான்னு பார்ப்பேன். நடுவுல நாலு கிளிப் ஓட்டிப் பார்ப்பேன். ரெண்டாவது காப்பி வேற ஒரு இடத்துல உக்காரற வரைக்கும் யாரும் கார்டை அழிக்கக் கூடாது. முடியலன்னா "முடியலண்ணே"ன்னு சொல்லிடுவேன். ரயில் போனா அடுத்த ரயில் வரும்.

உங்ககிட்டயும் இப்படி ஒரு கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வர்றேன்!