வயிற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் இறுக்கப் பட்டி ஏன்? தழும்பு எப்படி ஆறுகிறது?

பிள்ளைப்பேற்றுக்குப் பின் துணியால் வயிறு கட்டுவது தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கம். தொங்கிய வயிற்றுத் தோலை வெட்டி நீக்கும் சத்திரசிகிச்சையின் பின்னும் மருத்துவர்கள் ஒரு பட்டியை அணியச் சொல்வதுண்டு. காரணம் வேறு.

இச்சிகிச்சையில் தோலும் கொழுப்பும் தசையிலிருந்து பிரித்துத் தூக்கப்படுகின்றன. திரும்பப் பொருத்தினாலும் நடுவில் இடைவெளி எஞ்சும். அதில் நிணநீர் ஊறும். இரணைமடு போன்ற குளக்கட்டில் மண்ணை அடுக்கடுக்காக அழுத்துவது ஏன்? அழுத்தாத அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்துவிடும். பட்டியும் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது. பெரும்பாலும் சுமார் 6 வாரம் அதை அணிய வேண்டியிருக்கும். ஆனால் கொழுப்பை அது கரைக்காது. மூச்சு முட்டுமளவு இறுக்கினால் கெடுதியே. வன்னி வெயிலில் வியர்வை தேங்கினால் தோல் புண்ணாகும்; உள்ளே மெல்லிய பருத்தித் துணி வேண்டும்.

தழும்பு பொறுமையைச் சோதிக்கும். உடல் முதலில் கொலாஜன் நார்களை அவசரமாக, தாறுமாறாகக் குவிக்கிறது. அதனால் தழும்பு சில மாதம் சிவந்து தடித்திருக்கும். பின்பு நார்கள் ஒழுங்காகி அது தட்டையாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். காயம் முழுதாக மூடிய பிறகே சிலிக்கோன் தாளோ மென்மையான தடவலோ உதவும். கருந்தோலில் தழும்பு மிகைத்து வளரும் வாய்ப்பு அதிகம்.

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.