மீன் தலைக்குள் ஒரு கல்!

குழந்தைகளே, தென்காசிக்குக் கடல் கிடையாது. குற்றால அருவியும் சிற்றாறும் குளங்களும்தான் நம் ஊர்த் தண்ணீர். ஆனாலும் கடல் மீன் ஐஸ் பெட்டியில் ஏறி நம் சந்தைக்கு வந்துவிடுகிறது. வீட்டில் கத்தாளை மீன் வாங்கினால் அதன் தலையைக் கொஞ்சம் கவனியுங்கள். சாப்பிடும்போது பல்லில் 'நறுக்' என்று ஒன்று கடிபடும். பீங்கான் சில்லு மாதிரி வெள்ளையாக இருக்கும். தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுதான் மீனின் காதுக்கல்!

'மீனுக்குக் காது ஏது சார்?' என்று கேட்பீர்கள். வெளியே மடல் இல்லை. ஆனால் மூளைக்கு இரு பக்கமும் உட்காது உண்டு. பக்கத்துக்கு மூன்றாக மொத்தம் ஆறு கற்கள். காது எலும்பு என்றும் சொல்வார்கள். உண்மையில் அது எலும்பு அல்ல. சிப்பி ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். தண்ணீரில் சத்தம் வந்தால் மீனின் உடம்பும் சேர்ந்து அதிரும். கனமான கல் மட்டும் சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை நுண்ணிய மயிர்கள் மூளைக்குச் சொல்லிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு மீன் இனத்துக்கும் கல்லின் வடிவம் வேறு. கத்தாளைக்குப் பெரிய, தடித்த கல். உள்பக்கம் தலைப்பிரட்டை வடிவத்தில் ஒரு பள்ளம் இருக்கும். வேகமாக நீந்தும் சீலாவுக்கோ மெல்லிய, கூரான சின்னக் கல். கடல் கெளுத்திக்குப் பருப்பு போல உருண்டை. சுறாவிலும் திருக்கையிலும் தேடாதீர்கள், அவற்றுக்கு வெறும் துகள்கள்தான். ஒரு கடற்பறவையின் வயிற்றில் மீன் சதையெல்லாம் செரித்துப் போனாலும், மிஞ்சிய கல்லைப் பார்த்தே அது தின்றது எந்த மீன் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவிடுவார்கள்!

வயதும் தெரியும். கல்லை மெல்லியதாக அறுத்தால், மர வளையம் போல வளையங்கள் தெரியும். 1899-இல் ஜெர்மனியின் ரெய்பிஷ் இப்படி ஆண்டுக் கணக்கு எடுத்தார். 1971-இல் பன்னெல்லா என்பவர், நாளுக்கு ஒரு வளையமும் உண்டு என்று கண்டார். நம் கடலில் கடுங்குளிர்காலம் இல்லாததால் ஆண்டு வளையம் பல மீன்களில் தெளிவாக இராது; அங்கே நாள் வளையம்தான் கைகொடுக்கிறது. இந்தக் கணக்கு ஏன் முக்கியம் தெரியுமா? வலையில் வருவதெல்லாம் முட்டையிடும் வயதை எட்டாத குஞ்சுகள் என்று தெரிந்தால், அந்த இனம் குறையப் போகிறது என்று அர்த்தம். எத்தனை பெரிய கண்ணுள்ள வலை போடலாம் என்று முடிவு செய்ய மீனின் வயது தெரிந்தாக வேண்டும்.

செங்கோட்டையில் ரயில் ஏறி, பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டினால் கொல்லம். அதன் அருகே அஷ்டமுடிக் காயல் கரையில் படப்பக்கரை என்ற ஊர். அங்குள்ள பழைய கடல் படிவுகளில் ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காதுக்கற்கள் கிடைத்தன. மீனின் உடம்பு போய்விட்டது. ஆனாலும் கல்லின் வடிவத்தை வைத்தே இன்னின்ன மீன்கள் அங்கே நீந்தின என்று கண்டுபிடித்து 2022-இல் வெளியிட்டார்கள். அவற்றில் அதுவரை யாரும் அறியாத இனங்களும் இருந்தன.

நீங்களும் சேர்க்கலாம். புளி சுண்ணாம்பைக் கரைக்கும். ஆகவே குழம்பில் போடும் முன்பே, மீன் நறுக்கும் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். இடது, வலது இரண்டையும் எடுத்துக் கழுவிக் காயவைத்து, தீப்பெட்டியில் பஞ்சின் மேல் வையுங்கள். மேலே மீனின் பெயரையும் நீளத்தையும் வாங்கிய தேதியையும் எழுத வேண்டும். பெயர் எழுதாத கல் வெறும் கல்தான்!