கனவு காணும் உரிமை: கிழக்கு ஜெர்மனியின் கலைஞரும் கிறிஸ்தவ நம்பிக்கையும்

வருங்காலத்தையே தன் வாக்குறுதியாகக் கொண்டிருந்த ஒரு சமுதாய அமைப்பு வீழும்போது, அதன்பின் அச்சமுதாயத்தில் வருங்காலத்தைப்பற்றிப் பேசும் பொறுப்பு யாரைச் சேர்கிறது? 1989 முதல் 1991 வரை கிழக்கு ஐரோப்பாவின் பொதுவுடைமை அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தபோது இக்கேள்வி கூர்மையாக எழுந்தது. பொருளியலார் சந்தையைச் சுட்டினர். அரசியலார் தேர்தலைச் சுட்டினர். இனி மனிதர் எத்தகைய வாழ்வை நாட வேண்டும் என்னும் கேள்வியையோ நாடகக் கலைஞரும் ஓவியரும் எழுத்தாளருமே விடாமல் எழுப்பினர். நம்பிக்கை என்பது நமது இறையியலின் நடுப்பொருளாயிருக்க, அதைப்பற்றிப் பிறர் நடத்தும் இவ்வுரையாடலை நாம் கேளாதிருத்தல் தகாது.

இப்பொருளைப் பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். பெர்லின் மாநகரின் நடுவே, ஸ்பிரே ஆற்றின் தீவில், ஒரே மனையில் மூன்று மாளிகைகள் அடுத்தடுத்து எழுந்தன. அவற்றின் வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமான நாட்டின் வரலாறன்று. சீகன்பால்கு பிறந்த புல்ஸ்நிட்ஸ், அவர் பயின்ற ஹாலே, தமிழ் லுத்தரன் சபைகளுக்கு ஊழியரை அனுப்பிய லைப்சிக் மிஷனின் தலைமையிடம் ஆகிய மூன்றும் 1949ஆம் ஆண்டில் தோன்றிய கிழக்கு ஜெர்மனியின் எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தன.

1. ஆணையிடப்பட்ட கனவு

அம்மனையில் முதலில் நின்றது பிரஷ்ய மன்னரின் அரண்மனை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சினால் சிதைந்த அதனைப் புதிய அரசு 1950இல் வெடிவைத்துத் தகர்த்தது. 1973இல் கட்டத் தொடங்கிய 'குடியரசு மாளிகை' 1976 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதில் நாட்டின் மக்களவை கூடியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அமரக்கூடிய மண்டபமும், சிற்றரங்கும், உணவகங்களும், விளையாட்டுக் கூடமும் அதே கூரையின்கீழ் இருந்தன. ஆகவே அது ஆட்சியின் அடையாளமாக மட்டுமன்றி, எளிய மக்கள் குடும்பத்தோடு சென்று மகிழ்ந்த இடமாகவும் விளங்கியது என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மாளிகையின் முகப்புக் கூடத்தில் பதினாறு பெரிய ஓவியங்கள் இடம்பெற்றன. சிற்பி பிரிட்ஸ் கிரேமரின் பொறுப்பில் அமைந்த அவ்வரிசைக்கு இடப்பட்ட தலைப்பு ஒரு கேள்வி: பொதுவுடைமையர் கனவு காணலாமா? 1902ஆம் ஆண்டு நூலொன்றில் லெனின் தமக்குத்தாமே எழுப்பிக்கொண்ட கேள்வியின் எதிரொலி அது. அரசு எதிர்பார்த்த விடை 'ஆம்' என்பதே. எனினும் ஓவியருள் ஒருவரான பெர்ன்ஹார்ட் ஹைசிக், கதிரவனை நோக்கிப் பறந்து கடலில் வீழ்ந்த கிரேக்கப் பழங்கதையின் இக்காரஸைத் தம் பொருளாகக் கொண்டார். அரசின் மாளிகையிலேயே, அரசின் செலவிலேயே, வீழ்ச்சியின் உருவமும் இடம்பெற்றுவிட்டது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. நம்பிக்கையைத் தம் மெய்யியலின் அடித்தளமாக்கிய எர்ன்ஸ்ட் புளோக் அந்நாட்டின் லைப்சிக் பல்கலைக்கழகத்திலேயே கற்பித்தவர். 1957இல் அவர் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். 1961இல் பெர்லின் சுவர் எழுந்தபோது மேற்கிலிருந்த அவர் திரும்பவில்லை. யூர்கன் மோல்ட்மன் 1964இல் வெளியிட்ட 'நம்பிக்கையின் இறையியல்' புளோக்கோடு நடத்திய உரையாடலில் உருவானது என்பதை நம் மாணவர் அறிவர். கனவைச் சுவரில் தீட்டச் சொன்ன அரசால், கனவைச் சிந்திப்பவரைத் தாங்க இயலவில்லை. ஆணையிடப்பட்ட நம்பிக்கை கேள்வியை அஞ்சுகிறது; இதுவே அதன் முதல் அடையாளம்.

2. ஆலயக் கூரையின்கீழ்

மாளிகை திறக்கப்பட்ட அதே 1976ஆம் ஆண்டில் வேறு இரு நிகழ்ச்சிகளும் நேர்ந்தன. ஆகஸ்டு மாதத்தில் ஆயர் ஓஸ்கார் புரூசெவிட்ஸ், இளைஞர் மீது அரசு செலுத்திய அடக்குமுறையை எதிர்த்து, சைட்ஸ் நகர ஆலயத்தின்முன் தம்மைத் தீயிட்டுக்கொண்டு, சில நாள்களில் மரித்தார். நவம்பரில், மேற்கு ஜெர்மனியில் இசை நிகழ்ச்சி நடத்தச் சென்றிருந்த கவிஞர் வோல்ஃப் பியர்மனின் குடியுரிமை பறிக்கப்பட்டது. பதினோராண்டுகள் பொதுமேடை மறுக்கப்பட்டிருந்த அப்பாடகருக்கு, அதற்கு இரு மாதங்களுக்குமுன் இடங்கொடுத்தது பிரென்ஸ்லௌ நகரின் ஆலயமே.

இதன்பின் மேடை இழந்த கலைஞர் பலருக்கு ஆலயம் மேடையாயிற்று. 1979 முதல் பெர்லினின் சமாரியன் ஆலயத்தில் நடைபெற்ற இசை ஆராதனைகளுக்கு, சபையோடு தொடர்பே இல்லாத இளைஞரும் திரண்டு வந்தனர். திருச்சபைத் தலைவர்கள் இதனை எப்பொழுதும் மனமுவந்து அனுமதித்தனர் எனக் கூற முடியாது. 'சமதர்ம சமுதாயத்தில் திருச்சபை' என்னும் கொள்கையால் அரசோடு ஓரளவு இணக்கம் கண்டிருந்த அவர்கள், அவ்விணக்கம் குலையுமோ என அஞ்சினர். ஆயினும் கதவு முற்றிலும் அடைக்கப்படவில்லை. அரசின் கட்டுப்பாடு தளர்ந்திருந்த ஒரே பொதுவிடத்தைத் திருச்சபை பிறருடன் பகிர்ந்துகொண்டது.

3. பேச்சுரிமை பெற்ற ஒரு வாரமும் அதன் பின்னும்

1989ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், பெர்லினின் நாடகக் கலைஞர்கள் பேச்சுரிமையும் கூடும் உரிமையும் கோரி ஊர்வலம் ஒன்றை நடத்தினர். அதற்கு முறைப்படி அனுமதியும் பெற்றிருந்தனர். அவ்வூர்வலம் குடியரசு மாளிகையைக் கடந்து அலெக்சாண்டர் சதுக்கத்தை அடைந்தபோது, அங்கு இலட்சக்கணக்கானோர் குழுமியிருந்தனர். எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃப், ஸ்டெஃபான் ஹைம், நாடகாசிரியர் ஹைனர் முல்லர் ஆகியோரோடு, விட்டன்பர்க் நகரின் இறையியலாளர் பிரீட்ரிக் ஷோர்லெமரும் உரையாற்றினார். அன்று அவர்களுட் பெரும்பாலோர் சமதர்மத்தைக் கைவிடக் கோரவில்லை. மக்களால் திருத்தியமைக்கப்பட்ட ஒரு சமதர்மத்தையே கற்பனை செய்தனர். ஐந்து நாள்களுக்குப்பின் சுவர் திறந்தது.

நவம்பர் 26ஆம் நாளிட்ட 'நம் நாட்டிற்காக' என்னும் அறிக்கையில் எழுத்தாளரும் சபையாருமாகப் பலர் கையொப்பமிட்டு, மேற்கோடு இணையாமல் தனித்தவொரு மாற்றுச் சமுதாயத்தை உருவாக்க அழைத்தனர். டிசம்பர் 7ஆம் நாள் முதல் எதிர்க்கட்சியினரும் அரசினரும் சந்தித்த வட்டமேசை மாநாடு, பெர்லினின் போன்ஹோஃபர் இல்லத்தில், திருச்சபைகளின் பிரதிநிதிகளை நடுவராகக் கொண்டு தொடங்கிற்று. அம்மாநாட்டின் பணிக்குழு வகுத்த புதிய அரசியலமைப்பு வரைவுக்கு முன்னுரை எழுதியவர் கிறிஸ்டா வோல்ஃப். ஆனால் அவ்வரைவு சட்டமாகவில்லை. 1990 மார்ச் 18ஆம் நாள் நடந்த தேர்தலில், விரைவில் இணைவதை ஆதரித்த கூட்டணி ஏறத்தாழ 48 விழுக்காடு வாக்குகள் பெற்றது. அவ்வெழுச்சியின் முன்னோடிகள் அமைத்த 'கூட்டணி 90' பெற்றது 2.9 விழுக்காடே. அக்டோபர் 3ஆம் நாள் கிழக்கு ஜெர்மனி என்னும் நாடு இல்லாமற் போயிற்று.

இத்தோல்வியை எவ்வாறு விளங்கிக்கொள்வது? மக்கள் கனவை மறந்து பொருளை நாடினர் எனச் சிலர் குறைகூறினர். இது நேர்மையான தீர்ப்பன்று. வெளிநாடு செல்லும் சலுகையைப் பெற்றிருந்த எழுத்தாளர் சிலர், அச்சலுகை இல்லாத தொழிலாளரைப் பொறுத்திருக்கக் கேட்டனர். மேலும் 1992இல் உளவுத்துறையின் கோப்புகள் திறக்கப்பட்டபின், கலைஞரிலும் திருச்சபை ஊழியரிலும் சிலர் அத்துறையோடு தொடர்பு கொண்டிருந்தது வெளியாயிற்று. 1959 முதல் 1962 வரை தமக்கிருந்த அத்தொடர்பைக் கிறிஸ்டா வோல்ஃபே 1993இல் வெளியிட நேர்ந்தது. ஆகவே கலைஞரைக் களங்கமற்ற தீர்க்கதரிசிகளாக நாம் உயர்த்த வேண்டுவதில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வியோ, அவர்கள் தோற்றதனால் பொய்யாகிவிடவில்லை. இணைப்புக்குப்பின் ஆலைகள் மூடப்பட்டு இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தபோது, அக்கேள்வி மீண்டும் உயிர்பெற்றது.

4. வெறுமையான மாளிகையும் ஒரு சொல்லும்

குடியரசு மாளிகை, கல்நார் நச்சுப்பொருள் காரணமாக, 1990 செப்டம்பரில் மூடப்பட்டது. அந்நச்சினை அகற்றும் பணி 2003இல் முடிந்தபோது இரும்புச் சட்டங்களும் காங்கிரீட்டுமே எஞ்சின. அதனை இடித்துவிட்டு அரண்மனையின் முகப்பை மீண்டும் எழுப்புவதென ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானித்திருந்தது. இடைப்பட்ட காலத்தில், 2004இலும் 2005இலும், கலைஞர்கள் அவ்வெற்றுக்கூட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்று அதற்கு 'மக்கள் மாளிகை' எனப் பெயரிட்டனர். ஒருமுறை தரைப்பகுதி முழுவதையும் நீரால் நிரப்பி, வந்தோரை இரப்பர்ப் படகுகளில் சுற்றிவரச் செய்தனர். மற்றொருமுறை உள்ளேயே செயற்கை மலையொன்றை எழுப்பினர். பழைய ஆட்சியைப் போற்றுவது அவர்கள் நோக்கமன்று. எதற்கும் ஒதுக்கப்படாத ஓரிடத்தில் எவ்வகை வாழ்வும் கற்பனைக்கு எட்டும் என்பதை அவர்கள் செய்து காட்டினர்.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நார்வே நாட்டுக் கலைஞர் லார்ஸ் ராம்பெர்க் அம்மாளிகையின் கூரைமேல், ஆறு மீட்டருக்கும் உயர்ந்த ஒளி எழுத்துகளால் ஒரே சொல்லை நிறுவினார். 'ஐயம்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அது. அது யாருடைய ஐயம்? மறைந்த ஆட்சியின்மீதா, அதை வென்றதன்மீதா, மாளிகையை இடிக்கும் தீர்மானத்தின்மீதா? அச்சொல் விளக்கம் தரவில்லை. ஐயத்திற்கு இடமளியாத கட்டடத்தின் உச்சியில் ஐயம் எழுதப்பட்டது என்பதே அதன் வலிமை. சில மாதங்களில் அவ்வெழுத்துகள் இறக்கப்பட்டன. 2006இல் தொடங்கிய இடிப்பு 2008இல் நிறைவுற்றது.

5. குவிமாடத்தின்மேல் சிலுவை

மூன்றாவது மாளிகையாகிய ஹம்போல்ட் மன்றம் 2013இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2021இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. மூன்று பக்கங்களில் பழைய அரண்மனையின் முகப்பைத் தாங்கும் அதன் குவிமாடத்தின்மேல் 2020 மே மாதத்தில் பொற்சிலுவை நிறுவப்பட்டது. குவிமாடத்தைச் சுற்றிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் பொறித்த வாசகம் மீண்டும் பொறிக்கப்பட்டது. அது அப்போஸ்தலர் 4:12, பிலிப்பியர் 2:10 ஆகிய இரு வசனங்களை இணைத்து அமைந்தது.

இதுபற்றிப் பெருந்தர்க்கம் எழுந்தது. சிலுவை ஒப்புரவின் அடையாளம். வரலாற்றை உள்ளவாறே காட்டுதல் வேண்டும் என ஒருசாரார் வாதிட்டனர். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்ட பிற கண்டங்களின் கலைப்பொருள்களும் வைக்கப்படும் ஓர் இல்லத்தின்மேல் இத்தகைய வாசகம் பொருந்துமோ என மறுசாரார் வினவினர். இரு கருத்தினரும் சபையாரிடையே உண்டு.

நாம் திருமறை மாணவராக இவ்விரு வசனங்களின் இடத்தை நோக்குவோம். மீட்பின் நாமத்தைப் பேதுரு அறிக்கையிட்டது, கைதியாக ஆட்சியாளர்முன் நிறுத்தப்பட்டபோது. முழங்கால் யாவும் முடங்கும் என்னும் பவுலின் கூற்றோ, தம்மைத் தாமே வெறுமையாக்கி, அடிமையின் வடிவெடுத்து, சிலுவைச் சாவுமட்டும் தாழ்ந்தவரைப்பற்றிய பகுதியின் முடிவுரை. பிரஷ்ய மன்னர் அத்தாழ்வை விடுத்து முடிவுரையை மட்டும் எடுத்துத் தம் முடிக்குமேல் பொறித்தார். கைதியின் அறிக்கை மன்னரின் கட்டளையாக மாறியது. சொற்கள் மாறவில்லை, பேசுவோரின் இடம் மாறியது. அதனால் பொருளும் மாறிற்று. ஆணையிடப்பட்ட நம்பிக்கை பொதுவுடைமையாரிடம் மட்டுமே காணப்படுவதன்று. கிறிஸ்தவ ஆட்சியாளரும் அதனை வெகுகாலம் முன்னரே கையாண்டனர்.

6. நம் ஊழியத்திற்கு

இவ்வரலாறு நமக்கு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது எனலாம். முதலாவது, திருச்சபை அங்குச் சிறந்து விளங்கியது தன் கூரையைப் பிறருடன் பகிர்ந்துகொண்டபோதே. ஆலயத்திற்கு வந்த இளைஞருள் பெரும்பாலோர் பின்னர்ச் சபையில் சேரவில்லை. இன்றும் கிழக்கு ஜெர்மனி சமயப்பற்று மிகக் குறைந்த பகுதிகளுள் ஒன்று. எண்ணிக்கையால் அளப்போருக்கு இது தோல்வி. கைம்மாறு கருதாத விருந்தோம்பலை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

இரண்டாவது, ஐயம் நம்பிக்கையின் பகையன்று. யோபுவும், தோமாவும், மாற்கு 9ஆம் அதிகாரத்தில் தன் மகனுக்காக வேண்டிய தகப்பனும் இதற்குச் சான்று. கேள்வி கேட்போரைச் சபையின் விளிம்புக்குத் தள்ளும் பிரசங்கம், எத்துணை உறுதியாக ஒலித்தாலும், அச்சத்தின் குரலே.

மூன்றாவது, வெறுமையான இடத்தைக் கண்டவுடன் நிரப்பத் துடிக்கும் சோதனை நமக்கும் உண்டு. ஓர் அமைப்பு வீழ்ந்தவிடத்தில் நம் கோபுரத்தை உயர்த்துவது எளிது. உயிர்த்தெழுதலின் முதற்சாட்சிகள் கண்டதோ ஒரு வெறுங்கல்லறை. அவ்வெறுமையை அவர்கள் எதனாலும் நிரப்பவில்லை. ஆண்டவர் தமக்குமுன் செல்கிறார் என்னும் செய்தியைப் பெற்றுப் புறப்பட்டனர். பவுல் ரோமர் 8:24இல் உணர்த்துமாறு, நம்பிக்கை என்பது காணப்படாததைப் பற்றியது. முன்னரே தீட்டி முடிக்கப்பட்ட வருங்காலத்திலும், பழம்பெருமையிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட வருங்காலத்திலும் தேவன் புதிதாக ஒன்றைச் செய்ய இடமில்லை. அவ்விடத்தைத் திறந்து வைத்திருக்க முயன்ற கலைஞர் பலர் அவருடைய நாமத்தை அறிக்கையிட்டவரல்லர். எனினும் அந்நாமத்தை அறிக்கையிடும் நாம் எங்கு நின்று அதைச் சொல்லவேண்டும் என்பதை அவர்களது வரலாற்றிலிருந்து கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். குவிமாடத்தின் உச்சியைவிடப் பேதுரு நின்ற இடமே நமக்கு உரியது.