பாடுவது மீன்தானா?

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்பது நாம் பிள்ளைப் பிராயந்தொட்டுக் கேட்டுவரும் செய்தி. ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று பிறந்த மண்ணைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மாணவர் ஒருவர் இதுபற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வரைந்து தந்தார். ‘நீருள் எழும் ஒலி, மீன் பாடுவதை இன்ஃபர் செய்கிறது’ என்பது அவர் வாக்கியம். சிவப்பு மையாற் சுழித்து, ‘இம்ப்ளை’ என்று மேலே எழுதினோம்.

“இரண்டும் ஒன்றுதானே, ஐயா?” என்றார் அவர்.

ஒன்றல்ல. வெளிப்படச் சொல்லாது உள்ளடக்கி உணர்த்துவது இம்ப்ளை; உணர்த்தியதை ஆராய்ந்து கொள்வது இன்ஃபர். வெற்றிலையிற் பாக்கை மடித்துக் கொடுப்பவர் ஒருவர், பிரித்துப் பார்ப்பவர் மற்றொருவர். புகை நெருப்பை இம்ப்ளை செய்யும். நெருப்புண்டென்று இன்ஃபர் செய்பவர் நாம். இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கூறும் உத்திகளுள் ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ ஒன்று. நன்னூலார் கூறுவது ‘உய்த்துணர வைப்பு’. உணர்பவர் வேறு, உணர வைப்பவர் வேறு. ‘என்னைக் கள்ளன் என்கிறீரா?’ என்று பாய்பவர், தாம் இன்ஃபர் செய்ததை அடுத்த வீட்டார் இம்ப்ளை செய்ததாகக் கொள்கிறார். வேலிச் சண்டைகளிற் பாதி இவ்வகையின.

சொல்லைத் திருத்திவிட்டோம், ஆனால் ஒலி மெய்யாகவே மீனை உணர்த்துகிறதா? 1848 செப்டெம்பரில், அக்காலத்தில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், ஒல்லாந்தர் கோட்டைக்கருகே படகிற் சென்று அவ்வொலியைக் கேட்டார். படகின் பலகையிற் காதை வைத்தபோது அது பெருகிற்று. கரைப் பூச்சிகளின் இரைச்சலோ என்றும் ஐயுற்றார். கோட்டையும் கட்டடங்களும் குறுக்கிட்ட இடங்களிலே ஒலி மிகத் தெளிவாயிருந்தமையால் அவ்வையத்தைத் தள்ளினார். படகு அகன்றால் ஒலி மறைந்தது. பழைய இடத்துக்கு மீண்டால் திரும்பவும் கேட்டது. ஆகவே ஒலிக்குக் காரணம், அது எதுவாயினும், இடம்பெயராது கிடப்பது என உய்த்துணர்ந்தார். ஒலிப்பது மீனன்று, ஊரியே என்று இவ்வூரவர் அவருக்குச் சொன்னதும் அதனோடு பொருந்தியது. 1859 இல் வெளியான தம் நூலில் இவற்றை எழுதி வைத்தார். ‘எதுவாயினும்’ என்ற அந்த அடக்கம் எமக்கு மிகப் பிடிக்கும். ஏனெனில், ஓரிடத்திலேயே பதுங்கியிருந்து ஒலியெழுப்பும் மீனினங்களும் உலகில் உண்டு. ஊரி என்பதும் கருதலளவையே, காட்சியன்று.

அப்படியாயின் எமது திருத்தமும் பிழையே. ஒலி, நீருள் ஏதோ ஒன்று ஒலிக்கிறது என்பதை மட்டுமே இம்ப்ளை செய்கிறது. மீனைக் கொண்டுவந்து சேர்த்தவர் நாம். மறுநாள் அம்மாணவரை அழைத்து, நாம் எழுதிய சொல்லை நாமே வெட்டினோம். அவர் எழுதிய ‘இன்ஃபர்’ இருக்கட்டும், எழுவாயை மாற்றும் என்றோம். ‘அவ்வொலியிலிருந்து, மீன் பாடுகிறதென எம்மூரார் இன்ஃபர் செய்கின்றனர்’ என்று எழுதித் தந்தார். முழுப் புள்ளியும் இட்டோம்.